ஆள் இல்லாத தொட்டி

"டீச்சர், இந்தத் தடவையும் செத்துப்போச்சு" என்றார் ஆசீர்வாதம்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்கைப் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்புகிற சின்ன பாட்டில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே சிவப்பு பிளாட்டி மீன் ஒன்று மல்லாந்து கிடந்தது.

மெஹர்பானு டீச்சர் பாட்டிலைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தார்.

"தொட்டி எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"பளிங்கு மாதிரி இருக்கு. ஒரு பொட்டு அழுக்கு கெடையாது."

"அதான பாத்தேன்" என்றார் டீச்சர்.

ஆசீர்வாதத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவர் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கத்தியையும் கத்தரியையும் ஆவியில் அவித்துக் கொடுப்பது அவர் வேலை. ஆசீர்வாதம் கைபட்ட இடத்தில் ஒரு கிருமி உயிரோடு தப்பியதில்லை என்று பெரிய டாக்டரே சொல்வாராம். அப்படிச் சொன்னதாகச் சொன்னது ஆசீர்வாதம்தான்.

டீச்சருக்கு மேலப்பாளையம். வயதில் அவரைவிட ரொம்ப இளையவர். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறார். அங்கே நாள் முழுக்கப் பேசித் தீர்த்துவிடுவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் பேச்சில் சிக்கனம். அவர் தொட்டியில் மீன்கள் வயதாகித்தான் சாகும் என்று ஊரில் பேச்சு. அதனால் மீன் செத்தவர்கள் எல்லாம் அவர் வாசலுக்கு வருவார்கள். வந்து கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போவார்கள்.

ஆசீர்வாதம் பொழுதுபோக்குக்கு மீன் வளர்க்கிறவர் இல்லை.

போன வருஷம் அவருடைய ஒரே மகள் பெனிட்டா காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணத்துக்குப் பேசி முடித்திருந்த பெண். அடக்கத்தன்று அவர் மனைவி எஸ்தர் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் வாயை மூடியவள்தான், திறக்கவில்லை. சமைப்பாள், சபைக்கு வருவாள், பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொள்வாள். பேச்சு மட்டும் கிடையாது. பார்க்காத டாக்டர் இல்லை, ஏறாத படி இல்லை.

சபையில் ஒரு குடும்பம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது தங்கள் மீன்தொட்டியை இவருக்குக் கொடுத்தது. கடையில் நாலைந்து மீன் வாங்கி விட்டார். அன்று சாயங்காலம் எஸ்தர் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தச் செவப்பு மீனுக்குப் பசிக்கி போல" என்றாள்.

ஆசீர்வாதம் அடுப்படிக்குள் போய் நின்று அழுதார்.

அந்த வாரமே மீன்கள் செத்துப்போயின. எஸ்தர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். மறுபடி மீன் வந்தது, மறுபடி இரண்டு வார்த்தை வந்தது. மறுபடியும் எல்லாம் செத்தது.

"எனக்கு மீனு பெருசில்ல டீச்சர்" என்றார் ஆசீர்வாதம். "அவ பேசணும். அதுக்குத்தான் கேக்கேன். எந்த மீனோட எந்த மீன விடணும்? ஏஞ்சல் மீன விட்டா சின்ன மீன முழுங்கிரும்னு ஒருத்தன் சொல்லுதான். ஒண்ணும் பண்ணாதுன்னு கடக்காரன் சொல்லுதான்."

"யாரோட யாரு சேரும்ங்கிறது ரெண்டாவது கேள்வி."

"அப்ப மொதக் கேள்வி?"

டீச்சர் தேயிலை போட உள்ளே போய்விட்டார்.

குடித்து முடித்ததும் கூடத்தில் இருந்த தன் தொட்டிக்குக் கூட்டிப்போனார். மேலே கப்பிகள் வாலை விரித்துத் திரிந்தன. நடுவில் டெட்ராக்கள் கூட்டமாக ஒரே திசையில் திரும்பின. அடியில் மீசை வைத்த கோரி மீன்கள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. யாரும் யாரையும் விரட்டவில்லை.

எல்லாம் சரிதான். ஆனால் பின்பக்கக் கண்ணாடியில் பாசி பிடித்திருந்தது. தண்ணீரை வடிகட்டுகிற பஞ்சு அடுப்படிக் கரித்துணி மாதிரி இருந்தது. ஆசீர்வாதத்தின் கை துறுதுறுத்தது.

"இதுல யார் யாரு இருக்காங்க, சொல்லுங்க" என்றார் டீச்சர்.

சொன்னார்.

"பாதிப் பேர விட்டுட்டிய."

குனிந்து பார்த்தார். செடிக்கு அடியில் நத்தைகள். அவற்றையும் சேர்த்துச் சொன்னார்.

"இன்னமும் பாதிப் பேர விட்டுட்டிய."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். டார்ச் வாங்கி அடித்துப் பார்த்தார். ஒருத்தரும் அகப்படவில்லை.

"வீட்டுக்குப் போங்க" என்றார் டீச்சர். "குழாத்தண்ணிய வாளியில ஒரு நாள் வச்சிருந்து, பொறவு தொட்டியில ஊத்துங்க. மோட்டாரப் போட்டு விடுங்க. மீன் விடாதிய. தெனமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்க."

"மீனே இல்லாம தீனி யாருக்கு டீச்சர்?"

"இருக்கவங்களுக்கு."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி வீடு வந்து சேர்ந்தார் ஆசீர்வாதம்.

இருந்தாலும் சொன்னபடி செய்தார். காலையில் ஜெபம் முடித்ததும் வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை தீனியைத் தூவுவார். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, மகள் போனதிலிருந்து மனுஷனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று தெருவில் சொல்லிவிட்டாள். எஸ்தர் தண்ணீரைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள்.

சில நாளில் தண்ணீர் அரிசி கழுவின கழனித் தண்ணீர் மாதிரி கலங்கியது. பஞ்சில் வழுவழுவென்று ஏதோ படிந்தது. ஆசீர்வாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

அப்புறம் சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் தரை முதல் தட்டுமுட்டுச் சாமான் வரை கழுவியாக வேண்டும். நாளைக்கு ஓய்வுநாள். கலங்கின தண்ணீரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு சபைக்குப் போவது? தொட்டியைக் காலி செய்தார். வெந்நீர் விட்டுத் தேய்த்தார். அடியில் கிடந்த கூழாங்கல்லைக் குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டார். பஞ்சைக் கொதிக்கிற நீரில் முக்கிப் பிழிந்து, புதுசு மாதிரி ஆக்கினார்.

அந்த வாரம் டீச்சர் வீட்டுக்குப் போனபோது அவருக்கு நடையே வேறு.

"டீச்சர், இப்ப வந்து பாக்கணும் நீங்க. கல்ல அவிச்சுட்டேன். பஞ்ச அவிச்சுட்டேன். மீனு விடலாம்லா?"

டீச்சர் துப்பட்டியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"இன்னா லில்லாஹி" என்றார் மெதுவாக.

சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்கிற வார்த்தை அது. ஆசீர்வாதத்துக்கும் தெரியும்.

"யாரு டீச்சர்? யாரும் தவறிட்டாங்களா?"

"ஒங்க வீட்டுலதான் அண்ணாச்சி."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க வீட்டுலயா? இப்பந்தான அங்கருந்து வாரேன்!"

"தொட்டிக்குள்ள இருந்தவங்க. அம்புட்டுப் பேரும்."

"நான் மீனே விடலிய டீச்சர்!"

"நீங்க விடல. அவங்களாவே வந்திருந்தாங்க."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற பேச்சு. ஆசீர்வாதத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எளவு பாத்த வீட்டுக்காரன் டீச்சர். எங்கிட்ட வெளையாடாதிய" என்றார்.

டீச்சர் நாற்காலியை இழுத்து அவரை உட்காரச் சொன்னார்.

"நாளைக்கு நானே வாரேன்" என்றார்.

ஆசீர்வாதம் வீட்டுக்கு ஓடிவந்தார். "டீச்சர் மீன் கொண்டாராங்க எஸ்தரு" என்றார். எஸ்தர் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். இந்தத் தடவையும் தப்பிப்போனால் எஸ்தர் இனி அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள் என்று பயந்தார்.

மறுநாள் டீச்சர் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். எஸ்தரைப் பார்த்துத் தலையசைத்தார்.

பையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. மீன் இல்லை. அவர் வீட்டுத் தொட்டியின் பஞ்சு இருந்தது.

"மீனு எங்க டீச்சர்?"

டீச்சர் ரவிக்கைக் கையை மடக்கி விட்டுக்கொண்டார். அந்தக் கரித்துணிப் பஞ்சை ஆசீர்வாதத்தின் பளிங்குத் தொட்டிக்குள் முக்கி, ஒரு பிழி பிழிந்தார்.

தண்ணீர் பழுப்பாகிவிட்டது.

"அய்யோ! என்ன பண்ணுதிய டீச்சர்! கழுவி வச்சிருக்கேன்லா!"

"மீன் கழிவு வெசமாவாம தின்னு தீக்கிற கிருமிங்க. வருசக்கணக்கா எங்க வீட்டுல இருந்தவங்க" என்றார் டீச்சர். "இனிம ஒங்க வீட்டுல இருக்கட்டும்."

இன்னொரு பிழி பிழிந்தார்.

ஆசீர்வாதத்துக்குப் பொறுக்கவில்லை. குளியலறைக்கு ஓடி மக்கை எடுத்துவந்தார். தொட்டிக்குள் விட்டு நிறைய மொண்டார். ஜன்னல் வழியாக வெளியே வீசக் கையை ஓங்கினார்.

அவர் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. எஸ்தர் எழுந்து வந்திருந்தாள்.

"விடுங்க" என்றாள்.

"எஸ்தரு, இது அழுக்குடி."

"பெனிட்டா தலகாணி உறையிலயும் அழுக்குதான் இருந்துச்சு." பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல் கரகரத்தது. "தலைக்குத் தேச்ச எண்ணெயும் வேர்வையும். அடக்கம் பண்ணிட்டு வந்த மறுநாளே அத லோஷன்ல முக்கி வெளுத்துட்டிய. அவ அதுலதான் இருந்தா."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் ஈரக் கையோடு அப்படியே நின்றார்.

ஆசீர்வாதம் மக்கில் மொண்ட தண்ணீரை, ஒரு சொட்டு சிந்தாமல், தொட்டியிலேயே திரும்ப ஊற்றினார்.