பதில் சொன்ன பாவம்

"ஒன்பது வருஷமா பதில் சொல்லிச் சொல்லியே என்னைக் கெடுத்துட்டீங்க, சாமி."

தோளில் கிடந்த துண்டை எடுக்காமலே திருவம்பலம் இதைச் சொன்னார். சுவாமியின் முன் துண்டு இடுப்பில் இருக்க வேண்டும்.

திருவம்பலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. மடத்தின் அடுக்களை அவர் பொறுப்பு. குருவான சுவாமிக்கு நாற்பத்தொன்று.

கொள்ளிடத்தின் வடகரையில் நாற்பது பேர் இருக்கும் சிறிய மடம் அது. நிறுவியவர் காலத்திலிருந்து ஒரு விதி மட்டும் மாறவில்லை. மனதில் சந்தேகத்தோடு யாரும் இலை முன் உட்காரக்கூடாது. மதியம் மணி அடித்ததும் சந்தேகம் உள்ளவர் கேட்கலாம். குரு பதில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

மற்றவர்கள் ஆன்மாவைப் பற்றிக் கேட்டார்கள். பிறவியைப் பற்றிக் கேட்டார்கள்.

திருவம்பலம் கேட்டது ஒன்றுதான். அடுப்பை அணைத்தேனா?

அணைத்தீர்கள் என்பார் சுவாமி.

முதல் வருடம் நாளுக்கு ஒரு தடவை கேட்டார். இப்போது முப்பது, நாற்பது. மணி அடிக்கும்வரை காத்திருப்பதும் இல்லை. குளிக்கும் துறைக்கு வந்து கேட்டார். பூஜையின் நடுவில் வந்து கேட்டார். பதில் வாங்கிய பிறகும் போய்க் குமிழைத் திருகிப் பார்த்தார். கேஸ் கசிந்து நாற்பது பேரும் எரிவது அவர் கண்ணுக்குத் தெரியும். பதில் கிடைத்ததும் மறையும். கால் மணி நேரத்தில் மறுபடி தெரியும்.

மடத்தில் யாரும் இதை நோய் என்று சொல்லவில்லை. பொறுப்பு என்று சொன்னார்கள்.

"கெடுத்தேனா? எப்படி?" என்றார் சுவாமி.

போன செவ்வாய்க்கிழமை மளிகை வாங்குவதாகச் சொல்லிவிட்டு, திருவம்பலம் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மனநலப் பிரிவில் பெனசிர் என்ற டாக்டரம்மா இருந்தார். முழுதையும் கேட்டுவிட்டு, இதன் பெயர் எண்ணச் சுழற்சி நோய் என்றார். மாத்திரை எழுதினார். நீங்கள் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்வது யார் என்று விசாரித்தார். என் குரு என்றார் இவர். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? முப்பது, நாற்பது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாராம்.

"'அப்போ அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டு வாங்க'ன்னு சொன்னாங்க."

மடத்தின் நிர்வாகத்தைப் பார்க்கும் காறுபாறு அமிர்தலிங்கம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்துவிட்டார். மனநல வரிசையில் காவியைப் பார்த்தால் ஊர் என்ன பேசும் என்றார். மாத்திரை தின்ன ஓடுகிறவனுக்கு நம்பிக்கை என்று ஒன்று இருந்ததா என்றார். ஐந்தெழுத்தை ஒழுங்காக ஜெபித்திருந்தால் இதெல்லாம் வருமா என்றார்.

"ஜெபிச்சேன்யா. ஒழுங்கா ஜெபிச்சேனான்னு சந்தேகம் வந்துடுச்சு."

அமிர்தலிங்கம் விடவில்லை. உம்மைப் போல் ஒரு ஆள் எந்த மடத்தில் உண்டு, அண்ணன் சாவுக்குக்கூடப் போகாமல் அடுப்பைப் பார்க்கத் திரும்பி வந்தவர் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறோமே என்றார்.

திருவம்பலத்தின் முகம் மாறியது.

"அதைத்தான் நானும் கேக்குறேன். பாதி வழியில பஸ்ஸை விட்டு இறங்கினேன். அழுதுகிட்டே பத்து மைல் நடந்து வந்தேன். அடுப்பு அணைஞ்சுதான் இருந்துச்சு. அங்க என் அண்ணனை எரிச்சு முடிச்சுட்டாங்க. அதைப் போய் கதையாக்கிட்டீங்க. சாமி, நீங்களே சொற்பொழிவுல ரெண்டு தடவை சொன்னீங்க. சனம் கை தட்டுச்சு."



தை மாதக் கடைசியில் அந்த அண்ணனின் மகளுக்கு மன்னார்குடியில் கல்யாணம். அப்பாவின் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பாவைத்தான் கூப்பிட்டிருந்தாள். அதற்கு மூன்று மாதம் இருந்தது. இந்தத் தடவையும் பாதியில் இறங்க என்னால் முடியாது என்றார் திருவம்பலம்.

சுவாமி எழுந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் பஸ் எத்தனை மணிக்கு?"

டோக்கன் எண் எழுபத்து மூன்று. பெஞ்சில் இடமில்லை. காவியைப் பார்த்து எழுந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, சுவாமி தரையில் உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரம்.

பக்கத்தில் இருந்தவர் குனிந்து கேட்டார். "உங்களுக்குமா சாமி?"

"எனக்கும்தான்."

டாக்டர் பெனசிர் முதலில் சுவாமியைத்தான் விசாரித்தார்.

"அவர் கேட்டா ஏன் பதில் சொல்றீங்க?"

"அவர் துடிக்கிறதைப் பார்க்க முடியல."

"அப்போ அந்தப் பதில் யாருக்கு?"

ஆன்மாவுக்கும் பிறவிக்கும் பதினாறு வருடமாக விளக்கம் சொன்னவர் கையிலிருந்த டோக்கனைத் திருப்பிப் பார்த்தார்.

டாக்டர் சொல்லிக்கொண்டு போனார். ஒவ்வொரு பதிலும் பயத்தைக் கால் மணி நேரம் தூங்க வைக்கிறது. எழுந்திருக்கும்போது அது இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுந்திருக்கிறது. அதோடு உட்கார அவர் பழக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பதிலும் சொல்லக்கூடாது, எழுந்தும் போகக்கூடாது.

மூவரும் பேசி ஒப்புக்கொண்டார்கள். முதல் வாரம் காலையில் ஒரே ஒரு பதில். இரண்டாம் வாரத்திலிருந்து அதுவும் இல்லை. எனக்குச் சம்மதம் என்று திருவம்பலம் இரண்டு தடவை சொன்னார். சரியாகச் சொன்னேனா என்று மூன்றாம் தடவை கேட்டார். டாக்டர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

இரண்டாம் வாரம், மதியம். மணி அடித்தது. திருவம்பலம் கேட்டார்.

சுவாமி பேசவில்லை.

கெஞ்சினார். ஒரே ஒரு தடவை, இன்றைக்கு மட்டும் என்றார். பிறகு திட்டினார். கல்லா நீ என்றார். உனக்கு அண்ணன் தம்பி இருந்தால்தானே தெரியும் என்றார். ஒன்பது வருடத்தில் அவர் சுவாமியை ஒருமையில் பேசியது அன்றுதான்.

நாற்பது இலை போட்டிருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அமிர்தலிங்கம் இலைகளுக்கு நடுவே ஓடி வந்தார்.

"விதி இருக்கு சாமி. பதில் சொல்லாம பரிமாறக் கூடாது."

"விதி வெச்சவர் இவரைப் பார்க்கலை."

சுவாமி தன் இடத்தை விட்டு எழுந்து போய்த் திருவம்பலத்துக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"சந்தேகம் இருக்கட்டும். சாதம் போடுங்க."

அன்று திருவம்பலம் சாப்பிடவில்லை. மறுநாள் இரண்டு கவளம். நான்காம் நாள் ரசம் வரைக்கும் வந்தார். மார்கழி முடிவதற்குள் நாளுக்கு முப்பது தடவை கேட்டது நான்காகக் குறைந்தது. சில நாள் பன்னிரண்டுக்கு ஏறியது. மறுபடி இறங்கியது. மாத்திரையில் நாக்கு உலர்கிறது என்று திட்டிக்கொண்டே விழுங்கினார்.

ஒருநாள் சேலத்திலிருந்து வந்த அன்பர்களிடம் அமிர்தலிங்கம் பழைய கதையைத் தொடங்கினார். அண்ணன் செத்த செய்தி வந்தும், பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி,

"நிறுத்துங்க."

சுவாமி அறைக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"அது பொறுப்பு இல்லை, நோய். ஒரு மனுஷன் கண்ணு முன்னால எரிஞ்சுகிட்டிருந்தான். நாம குளிர் காய்ஞ்சோம். இவங்ககிட்ட சொல்றதா இருந்தா அதைச் சொல்லுங்க."

சேலத்துக்காரர்கள் காணிக்கைத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

தை இருபத்தேழு, காலை ஆறு மணி. திருவம்பலம் அடுப்பை அணைத்தார். ஒரே ஒரு தடவை பார்த்தார். சுவாமியும் பக்கத்தில் நின்று தன் கண்ணால் பார்த்தார். இருவரும் மன்னார்குடி பஸ் ஏறினார்கள்.

இரண்டு ஸ்டாப் தாண்டியதும் திருவம்பலத்தின் சட்டை வியர்வையில் நனைந்தது.

அவர் கேட்டார். சுவாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி கேட்டார். மறுபடி. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

சுவாமி வெளியே பார்த்தார். உள்ளே பார்த்தார். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. அங்கே ஒரு பெண் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுப்பு அணைந்தது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும், இந்த மனிதர் உட்கார்ந்துவிடுவார். ஒரே ஒரு வார்த்தை, இன்றைக்கு மட்டும்.

"திருவம்பலம், நான் பார்த்தேன், அடுப்பு..."

ஒரு கை வந்து அவர் வாயைப் பொத்தியது.

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பினார்கள். காவி உடுத்தவரின் வாயை ஒருவர் அழுதுகொண்டே அடைத்துப் பிடித்திருந்தார். கண்டக்டர் விசிலை எடுத்தார்.

"என்ன பெரியவரே, இறங்கணுமா? டிக்கெட்டே இன்னும் வாங்கலை."

 திருவம்பலம் சுவாமியின் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மன்னார்குடி. ரெண்டு."