கிளாட்சன் போட்ட பந்து

தூத்துக்குடியில் கிளம்பிய குட்டியானை வண்டி எட்டயபுரத்தைத் தாண்டியும் இசக்கிராஜுக்கு யாரைப் பந்து வீச வைப்பதென்று முடிவாகவில்லை. பேஸ்பால் அணிக்கு அவன்தான் கேப்டன். பிட்சர் அம்மை போட்டுப் படுத்துவிட்டான். கோவில்பட்டியில் தோற்றால் இந்த வருஷம் அவ்வளவுதான்.

"நான் இருக்கேம்லா" என்றான் கிளாட்சன். பந்தே வராத வலது மூலையில் நின்று சலித்தவன்.

"உன் வேகம் என்னலே?"

"நூத்தறுவது."

"அமெரிக்காக்காரனுக்கே அது பெரும்பாடு" என்றான் கேட்சர் பர்னபாஸ்.

"நீ சொல்லுதது கிலோமீட்டரு. நான் துறைமுகத்துக்காரம்லா, எனக்குக் கடல் மைலு" என்றான் கிளாட்சன்.

வண்டி குலுங்கியது. பள்ளம் ஒன்றுமில்லை, சிரிப்புதான்.

கிளாட்சன் அசரவில்லை. "மதுரை செலக்‌ஷன்ல ஸ்பீடு கன் ரிப்பேரு. டிராபிக் போலீஸ்ல இரவல் வாங்கியாந்தாவ. நான் ஒண்ணு போட்டேன். ஏட்டய்யா கன்னைப் பாத்தாரு, விசிலை ஊதி பந்தை ஓரங்கட்டச் சொன்னாரு. நிக்குமா? பைபாஸ் வரைக்கும் ஜீப்புல விரட்டினாவ."

"பந்துக்கு லைசென்ஸ் இருந்துச்சாலே?" என்றான் பர்னபாஸ்.

"குறுக்க பேசாத. ரெண்டாவது பந்துக்கு கன்னுல ஒண்ணுமே விழல. அதுலேர்ந்து ஒரு அலை போயி, பந்துல பட்டுத் திரும்பணும். அப்பதான் வேகம் தெரியும். எம் பந்து அலைக்கு முந்தியே கன்கிட்ட வந்துட்டு. பாவம் அலை, மைதானம் பூரா தேடிட்டு அழுதுக்கிட்டே வந்துச்சு."

இசக்கிராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். சிரித்து முடிப்பதற்குள் கோவில்பட்டி வந்துவிடுமே என்ற பயமும் அதே வயிற்றில்தான் இருந்தது.

"மூணாவதுதான் கொஞ்சம் அதிகப்படி. நான் ஓரமா உக்காந்து மக்ரூன் தின்னுட்டிருக்கேன், அம்பயர் ஸ்டிரைக்குங்காரு. இன்னும் போடவே இல்லையே சார்னேன். நீ போடப் போறது வந்துட்டு தம்பின்னாரு. அப்புறம் கையைத் துடைச்சிட்டுப் போயி, ஒரு மரியாதைக்குப் போட்டுட்டு வந்தேன்."

மைதான வாசலில் வண்டி நின்றது. இவன் அளந்ததில் நூற்றில் ஒன்று நிஜமாக இருந்தாலும் போதும் என்று இசக்கிராஜுக்குத் தோன்றியது. பர்னபாஸைக் கையுறையோடு தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பந்தை நீட்டினான்.

"ஒண்ணு போட்டுக் காட்டு."

கிளாட்சன் பந்தை வாங்கவே இல்லை. வெறுங்கையைச் சுழற்றி வீசிவிட்டு, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"போட்டாச்சு. யாராவது பாத்தியளா?"

"இல்லையே."

"அதான் வேகம்."

பர்னபாஸ் கையுறைக்குள் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இசக்கிராஜ் பந்தைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"ஒத்துக்கிடுதேன்லே. இதே வேகத்துல நீ மேட்ச் முழுக்கப் போட்டு முடிச்சிட்ட, எங்க கண்ணுக்குத்தான் தெரியல. இனி நான் போட்டுக்கிடுதேன். நீ போயி தண்ணிக் கேனை இறக்கு. அதை மட்டும் நாங்க பாக்குத மாதிரி இறக்கு."