தெற்குச் சுவர்

கார்கள் புதிதாக ஓடத் தொடங்கிய காலம். கலிபோர்னியாவில் ஒரு மலைச்சரிவு ஊரில் அகஸ்டா லின்ட் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். அவர் வரையும் வீடுகளில் கோபுரமும் கிடையாது, பூவேலையும் கிடையாது. தட்டைக் கூரை, பெரிய பெரிய ஜன்னல்கள், அவ்வளவுதான். ‘தீப்பெட்டி’ என்று ஊர் சிரித்தது. இரண்டு வருஷமாக யாரும் அவரைத் தேடி வரவில்லை.

ஒருநாள் அச்சுக்கூடம் நடத்தும் ஹோல்கோம்ப் வந்தார்.

“என் மனைவி ஈடித்துக்குக் காசநோய். வெயிலும் காற்றும் வேண்டும் என்கிறார் டாக்டர். எங்கள் வாடகை அறையில் இரண்டும் இல்லை.”

அன்றே அகஸ்டா வரைய உட்கார்ந்தார். பென்சில் தெற்குப் பக்கம் வந்ததும் தாளில் இருந்த சுவர் பேசியது.

“இங்கே என்னைக் காணோமே?”

“தெற்கில் நீ வேண்டாம். முழுக்கக் கண்ணாடி.”

சுவருக்குக் கோபம் வந்துவிட்டது. “குளிரிலிருந்தும் திருடரிடமிருந்தும் மனிதரைக் காப்பவன் நான். நான் விலகினால் கூரையை யார் தாங்குவது?”

“நாங்கள் தாங்குகிறோம்” என்றன நான்கு இரும்புத் தூண்கள்.

“நீங்களா? குச்சி மாதிரி இருந்துகொண்டு!”

கண்ணாடி மெதுவாகச் சொன்னது: “அண்ணா, குளிரை நானும் தடுப்பேன். வெயிலை மட்டும் விட்டுவிடுவேன்.”

சுவர் அசையவில்லை. பென்சில் முனை இரண்டு முறை உடைந்தது.

அகஸ்டா வாதாடவில்லை. தாளைச் சுருட்டி எடுத்துப்போய் ஈடித்தின் மடியில் விரித்தார்.

ஈடித் மெலிந்த விரலால் தெற்குக் கோட்டைத் தொட்டாள். “இங்கே படுத்தால் எனக்கு என்ன தெரியும்?”

அகஸ்டா தாளில் இருந்த சுவரைப் பார்த்தார். சுவர் அந்த வாடகை அறையைப் பார்த்தது. நான்கு பக்கமும் அதன் இனம்தான். தடிமனாக, உறுதியாக, ஒரு விரிசல்கூட இல்லாமல் நின்றன. நடுவில், நண்பகல் இருட்டில், முப்பது வயதுப் பெண் இருமிக்கொண்டிருந்தாள்.

“இவளை எதிலிருந்து காப்பாற்றுகிறீர்கள்?” என்று அவற்றைக் கேட்டது.

“மலை தெரியும், அம்மா” என்று ஈடித்திடம் சொல்லிவிட்டு, சுவர் கோட்டிலிருந்து விலகிக்கொண்டது.

வீடு எழும்பியது. முதல் குளிர்காலத்தில் இருமல் நிற்கவில்லை. ஹோல்கோம்ப் பயந்தே போனார். அடுத்த வசந்தத்தில் ஈடித் எழுந்து உட்கார்ந்தாள். மே மாதம் ஒரு காலை, கண்ணாடிக் கதவைத் தானே தள்ளித் திறந்து புல்லில் இறங்கி நடந்தாள்.

செய்தி பரவியது. ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை அகஸ்டாவிடம் வந்து, “எங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி வகுப்பறைகள் வேண்டும்” என்றார்.

அகஸ்டா புதுத் தாளை விரித்தார். பென்சிலை எடுக்கும் முன்பே சுவர் கேட்டது:

“சொல்லுங்கள், எந்தப் பக்கம் விலகட்டும்?”