மைனாவைக் கேட்டு வாங்கிய வளையல்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், வளையல்களுக்கு வாய் இல்லாத காலத்தில், கொன்றையூர் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் சந்தையில் குளிகன் என்ற மந்திரவாதி கண்ணாடி வளையல் கடை போட்டிருந்தான். போட்ட கை பளபளவென்று மின்னும், விலையோ கொள்ளை மலிவு! சும்மா இருப்பார்களா நம் ஜனங்கள்? விழுந்தடித்துக்கொண்டு வாங்கினார்கள். எங்கே செய்தது, யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஊரில் தேனாயி என்று ஒரு விறகுவெட்டிப் பெண். மறுநாள் அவள் அக்காவுக்கு வளைகாப்பு. ஆனால் மலைக்குப் போன அக்கா புருஷன் கடம்பன் திரும்பவே இல்லை. அவனைப் போலவே ஊரில் பெரியவர்களும் பிள்ளைகளுமாய் இன்னும் பலர் காணாமல் போயிருந்தார்கள். அழுது அழுது அக்கா துரும்பாய் இளைத்துவிட்டாள்.

அன்று விடியற்காலையில், முட்புதரில் சிக்கிய ஒரு மைனாவைத் தேனாயி விடுவித்தாள். மைனா பேசியது!

"தேனாயி, காணாமல் போனவர்கள் எல்லாரும் குளிகனின் மலைக்குகையில் அடிமைகளாய் வளையல் உலை ஊதுகிறார்கள். ஒரு பகல் முழுக்க ஒரு வளையல்கூட விற்காவிட்டால் அவன் மந்திரம் அவிந்துவிடும். என்னைக் கடைக்குக் கொண்டு போ. அவரவர் மனசை எது உறுத்துமோ, அதை அவரவருக்குச் சொல்வேன். ஆனால் வளையலைக் கையில் எடுத்துக் கேட்கணும், காசு கொடுக்கும் முன்னே கேட்கணும்!"

கூடையில் மைனாவோடு தேனாயி கடை வாசலில் போய் நின்றாள்.

"வளையலைக் கையில் எடுத்து மைனாவைக் கேளுங்க! காசு கொடுக்கும் முன்னே கேளுங்க!" என்று கூவினாள்.

பறவைப் பேச்சை யார் மதிப்பார்கள் என்று குளிகன் சிரித்தான், மடையன்!

பிள்ளையைக் கையில் பிடித்து வந்த ஒருத்தி கேட்டாள். "இதற்கு உலை ஊதியது உன் பிள்ளை வயசுப் பிள்ளைதான்" என்றது மைனா. அவள் வளையலை வைத்துவிட்டாள்.

மாடு மேய்ப்பவர் ஒருவர் கேட்டார். "இதன் பளபளப்புக்கு மாட்டெலும்பைச் சுட்டார்கள்" என்றது. அவரும் வைத்துவிட்டார்.

மகா கஞ்சம் சொர்ணத்தம்மாள் கேட்டாள். அவளுக்கு எதுவும் உறுத்தாதே! மைனா யோசித்துச் சொன்னது: "அம்மா, இது மூணாம் நாளே சாயம் போகும்." அவள் வைத்துவிட்டு ஓட்டமாய் ஓடினாள்!

இப்படியே வந்தவர்கள் எல்லாரும் கேட்டு, வைத்துவிட்டுப் போக, பொழுது சாய்ந்தது. குளிகனுக்கு வியர்த்துக் கொட்டியது. "தேனாயி, இந்த ஒண்ணை மட்டும் வாங்கிக்கோ. உன் மச்சானை இப்பவே விட்டுடறேன்."

தேனாயியின் கை தானாக நீண்டது. நாளைக்கே அக்கா சிரிப்பாளே! வளையலை எடுத்தாள். காசுமுடிச்சையும் அவிழ்த்தாள். அப்போதுதான் தன் வாயால் கூவியது அவளுக்கே நினைவு வந்தது.

"மைனா, நீ சொல்லு."

"உன் மச்சான் வருவார். மற்றவர்கள் வரமாட்டார்கள்."

அவளுக்கு அழுகை பொங்கியது. ஆனாலும் வளையலை வைத்துவிட்டாள்.

சூரியன் மறைந்தான். மலையில் உலை அணைந்தது. குளிகன் புகையாய்ப் போனான். அப்பாடா! மலைப்பாதை முழுக்க மனிதர்கள் இறங்கி வந்தார்கள், சின்னதும் பெரிசுமாய். எல்லாருக்கும் முன்னால் கடம்பன்!

மறுநாள் வளைகாப்பில், வழக்கப்படி முதலில் வேப்பங்குச்சிக் காப்பு. தேனாயி வளைத்துக் கொடுக்க, கடம்பனே அக்கா கையில் போட்டான். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

விருந்துக்கு வந்த சொர்ணத்தம்மாள் ஒரு காப்பைக் கையில் எடுத்தாள். "ஏய் மைனா, இது சாயம் போகுமா?"

"போகாதம்மா. உங்களுக்கு இது இனாம்!"

அவள் இரண்டாய்ப் போட்டுக்கொண்டாள். ஊரே சிரித்தது, நாமும் சிரிப்போம்!