ஆவுடையப்பனின் அமெரிக்க வெள்ளி

தென்காசியில் நாணயக் கண்காட்சி நடக்கப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஆவுடையப்பனுக்கு ஒரே ஆசைதான். அவரிடம் 1795ஆம் வருஷத்து அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று இருந்தது. பினாங்கில் கடை வைத்திருந்த முப்பாட்டனார் கொண்டுவந்தது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். கீழே அட்டையில் அவர் பேரைப் போடுவார்கள். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் தன் பேரைப் பார்த்தவரில்லை அவர்.

சென்னையிலிருந்து கண்காட்சியின் நாணய நிபுணர் போனில் பேசினார். அந்நேரம் நண்பர் இசக்கியப்பன் கையில் டாலர் இருந்தது.

"ஓரத்தை மட்டும் பிடிக்கணும். தண்ணி படக் கூடாது. சனிக்கிழமை நான் வர்ற வரைக்கும் இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும்."

அன்றைக்குப் புதன்கிழமை.

"உக்காரலாமா அண்ணாச்சி?" என்றார், இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்தபடி நின்ற இசக்கியப்பன்.

ஆவுடையப்பன் யோசித்தார். "அவுக சொல்லும்போது நீ நின்னுக்கிட்டுல்லா இருந்தே."

மூன்றாவது நண்பர் சொரிமுத்து இட்லி ஊட்டினார். மூக்கு அரித்தால் சொறிந்துவிட்டார். தூங்குவதற்குத் தூணோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். தண்ணீர் படக் கூடாதென்று இசக்கியப்பன் குளிக்கவில்லை. தெறித்துவிடுமோ என்று மற்ற இருவரும் குளிக்கவில்லை. வியாழக்கிழமை மழை பெய்தது. வீட்டுக்குள் குடை பிடித்தார்கள்.

நாணயத்தில் ஒரு பெண், தலைவிரி கோலமாக இருந்தாள்.

"யாரு போயிட்டாகளோ" என்றார் சொரிமுத்து.

ஆவுடையப்பன் இசக்கியப்பனைச் சுற்றிப் போய் மறுபக்கத்தைப் பார்த்தார். "கழுகு வந்து உக்காந்திருக்கு வே. இன்னும் பொணத்த எடுக்கல போலிருக்கு."

"இத்தனை வருஷம் கழிச்சுத் துக்கம் கேட்டா தப்பா நினைப்பாளோ?"

"கேக்காம இருந்தா அதவிடத் தப்பு."

மூவரும் சற்று நேரம் தலை குனிந்திருந்தார்கள்.

சனிக்கிழமை நிபுணர் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"அசல்தான். அப்படியே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில வச்சிருங்க. நான் சாப்பிட்டுட்டுக் கண்காட்சி மண்டபத்துக்கு வர்றேன்."

இசக்கியப்பனை நின்றபடியே தள்ளுவண்டியில் ஏற்றிப் போனார்கள். மண்டபத்திலிருந்த பெட்டிகளில் அவருடைய கால்கூட நுழையவில்லை. ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை கட்டிய பொம்மையை இறக்கிவிட்டு அந்தப் பெட்டியை இரவல் வாங்கினார்கள். இசக்கியப்பன் கச்சிதமாகப் பொருந்தினார். கீழே அட்டை வைத்தார்கள்: 'ஆவுடையப்பன், அமெரிக்கா, 1795.'

மற்ற பெட்டிகளை விட்டுவிட்டுக் கூட்டம் இங்கே வரிசை கட்டியது.

"வயசுக்கு நல்லாத்தான் இருக்காரு" என்றார் ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார்.

ஒரு அம்மாள் ஆவுடையப்பனிடம் கேட்டாள். "இவருதான் ஆவுடையப்பனா?"

ஆவுடையப்பன் அட்டையை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தார்.

"அப்படித்தான் போட்டிருக்கு" என்றார்.

பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். ஆவுடையப்பனை அவரும் இதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை.