எனார்மஸ் யானையும் ஆள்காட்டிக் குருவியும்

காட்டுக் குளத்துக்குப் போகும் யானைத் தடத்தின் ஓரத்தில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. அது கான்வென்ட் பள்ளி மாமரத்தில் பிறந்து வளர்ந்த மைனா. ஜன்னல் வழியே கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் படித்துவிட்டது.

யானைக் கூட்டம் வந்தது. முன்னால் வந்த தலைவி யானை மைனாவைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏய் மைனா! நேத்து ஜீப்புல வந்தவங்க என்னைப் பார்த்து 'எனார்மஸ்'னு கத்தினாங்க. திட்டினாங்களா?"

"ஐயோ, இல்லம்மா! ரொம்ப ரொம்பப் பெருசுன்னு அர்த்தம். சும்மா பெருசா இருந்தா 'பிக்'கோட நிறுத்திடுவாங்க. பார்த்தவங்க வாயைப் பிளக்கணும். அப்பதான் எனார்மஸ்!"

"எதுக்கெல்லாம் சொல்லலாம்?"

"மலைக்குச் சொல்லலாம். கப்பலுக்குச் சொல்லலாம். உங்களுக்குத் தாராளமா சொல்லலாம்!"

தலைவியின் காதுகள் விரிந்தன. "கேட்டீங்களாடி? நான் எனார்மஸ்!" என்று பிளிறினாள். மான்கள் ஓடின. காட்டுப்பன்றி ஓடியது.

ஒரு ஆள்காட்டிக் குருவி மட்டும் ஓடவில்லை. அவள் தடத்தின் நடுவே, கூழாங்கற்களுக்கு இடையில் முட்டையிட்டிருந்தாள். கோடையில் குளம் வற்றியிருந்ததால் யானைகள் வரவில்லை. வெறும் தரைதானே என்று நினைத்துவிட்டாள். மழை பெய்ததும் அவை திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரியாது.

"விலகு! எங்க கூட்டம் தடம் மாறி நடந்ததே இல்லை. நான் யார் தெரியுமா?"

"தெரியுங்க. நீங்க வந்த சத்தத்துலயே தெரிஞ்சுது. எனக்குக் கீழே முட்டை இருக்கு. கொஞ்சம் சுத்திப் போங்களேன்."

"நான் சுத்திப் போறதா? நீ பறந்து போ! வேற முட்டை போட்டுக்கோ!"

"உங்க குட்டியை யாராவது இப்படிச் சொன்னா விடுவீங்களா?"

பின்னால் நின்ற யானைகள் களுக்கென்று சிரித்தன. தலைவிக்குக் கோபம் பொங்கியது. காலைத் தூக்கினாள்.

"வந்துடுடீ! வந்துடு!" என்று வானத்தில் வட்டமிட்டுக் கதறினான் குருவியின் கணவன்.

குருவி சிறகுகளை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டாள். உடம்பெல்லாம் வெடவெடத்தது. "பயமாத்தாங்க இருக்கு. ஆனா எழுந்திருக்க மாட்டேன்!"

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. ஓடுகிறவர்களின் முதுகைத்தான் தலைவி இதுவரை பார்த்திருக்கிறாள். நடுங்கிக்கொண்டே நகராமல் தன் முகத்தைப் பார்த்த ஒருத்தியை இன்றுதான் பார்க்கிறாள். காலை மெல்லப் பக்கத்துப் புல்லில் ஊன்றினாள்.

"மைனா, இவளுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்வாங்க?"

"'ஸ்மால்'தாங்க. பொடிசுன்னு அர்த்தம்."

"உடம்பை யாரு கேட்டா? இவ தைரியத்துக்குச் சொல்லு!"

மைனா தலையைச் சாய்த்து யோசித்தது. "அப்படின்னா எனார்மஸ்தாங்க. கண்ணுக்குத் தெரியாததுக்கும் அதைச் சொல்லலாம்."

"சரியாச் சொன்னே!" என்ற தலைவி, புல்லில் சுற்றி நடந்தாள். அவள் கால் வைத்த இடத்திலேயே கூட்டம் முழுவதும் கால் வைத்து நடந்தது.

குருவி நெஞ்சை நிமிர்த்தினாள். "கேட்டீங்களா? என்னை என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன்!" என்று இறங்கி வந்தான் கணவன். "எனார்மஸம்மா, கொஞ்சம் நகருங்க. இப்ப நான் அடைகாக்குற முறை."

உடம்பு பெரிதாக இருப்பது பிறப்போடு வருவது. பயந்து நடுங்கினாலும் தன்னை நம்பியவர்களை விட்டு நகராமல் நிற்பவரே உண்மையில் பெரியவர்.