கடமான் மிதிக்காத வைத்தியசாலை

ஒரு மலைக்காட்டில் செவந்தி என்ற கரடி பொது வைத்தியசாலை நடத்தி வந்தது. எல்லா விலங்குகளும் மாதம் ஒரு குலை பழம் வரியாகக் கொடுத்தன. அதை வைத்து, எலும்பு கட்டும் இரண்டு குரங்குகளுக்குச் சாப்பாடு போட்டது. யார் வந்தாலும் இலவச வைத்தியம். வரிசைதான் கொஞ்சம் நீளம்.

அதே காட்டில் நரி சொந்தமாக ஒரு வைத்தியசாலை திறந்தது. படுக்கப் பஞ்சு மெத்தை, விசிறிவிட மயில்! கடமான் அங்கேதான் போகும். ஒரே ஒரு தும்மலுக்கு மூன்று நாள் தங்கி, பெருமையாகத் திரும்பும்.

ஒருநாள் காட்டுக் கூட்டத்தில் கடமான் எழுந்தது.

"நான் மிதிக்காத வைத்தியசாலைக்கு நான் ஏன் பழம் தரணும்?"

"அதானே!" என்றன வசதியான விலங்குகள்.

"எங்களுக்கு அதை விட்டால் வேறு கதி ஏது, அண்ணே?" என்றது முயல்.

"நரியிடம் போயேன்! யார் தடுத்தது?"

என்ன தாராள மனசு! நாடி பிடிக்கவே நரி ஒரு முழுப் பலாப்பழம் கேட்கும் என்பது மட்டும் கடமானுக்கு ஞாபகம் வரவில்லை.

வரி நின்றது. குரங்குகள் பசி தாங்காமல் கிளம்பின. கரடியும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஆற்றின் அக்கரைக் காட்டுக்குப் போய்விட்டது. மறுவாரமே முயலின் இரண்டு குட்டிகள் காய்ச்சலில் செத்தன. அதற்காக யாரும் கூட்டம் போடவில்லை.

மழைக்காலம் வந்தது. பாறை வழுக்கிக் கடமான் பள்ளத்தில் விழுந்தது. பின்னங்கால் முறிந்துவிட்டது. யானை அதைத் தூக்கி நரியிடம் சேர்த்தது.

மயில் விசிறியது. நரி நாடி பார்த்தது. பலாப்பழத்தை வாங்கி உள்ளே வைத்தது. பிறகு கையை விரித்தது.

"இது பெரிய கேஸ்! உடனே கரடியிடம் கொண்டுபோங்கள்!"

"ஐயோ! நீங்களே கட்டுப் போடுங்களேன்!"

"எலும்பெல்லாம் நான் பார்ப்பதில்லையே! இத்தனை நாளும் இப்படி வந்தவர்களைக் கரடியிடம்தானே அனுப்பினேன்? ஆமாம், அதை எந்த முட்டாள் மூடியது?"

கடமான் பஞ்சு மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

ஆற்றில் வெள்ளம். யானை அதைச் சுமந்து அக்கரை சேர மூன்று நாள் ஆயிற்று.

"அன்றைக்கே வந்திருந்தால் நேராக்கியிருப்பேன்," என்றது கரடி. உயிர் தப்பியது, கால் கோணலாகவே நின்றுவிட்டது.

கடமான் காடு திரும்பிய உடனே அவசரக் கூட்டம் கூடியது! பொது வைத்தியசாலை எவ்வளவு அவசியம் என்று கடமான் நொண்டிக்கொண்டே வந்து உருக்கமாகப் பேசியது. எல்லா விலங்குகளும் கண் கலங்கின. முயல் மட்டும் எழுந்து வீட்டுக்குப் போனது.

தனக்குத் தேவையில்லை என்று பொதுச் சேவையைக் கைவிடுகிறவன், பிறர் உயிரோடு தன் காலையும் சேர்த்தே பறிகொடுக்கிறான்.